முதல் மோர்கன் டாலரை யாரிடம் அனுப்புவது?

மூன்று ஆண்டுகளுக்கு முன், நியூ ஜெர்சியில் நடந்த ஒரு சிறிய நாணயக் கண்காட்சியில், 1883ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட மோர்கன் என்ற பழைய அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றை வாங்கினேன். புழக்கத்துக்கே வராத நாணயம் என்ற விற்பனையாளரின் பேச்சை நம்பி, அதற்குரிய விலையையும் கொடுத்தேன். அந்த ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ டாலர் தேய்ந்த நிலையில் எளிதாகக் கிடைக்கும். புதுக்கருக்கு குலையாமல் கிடைப்பதுதான் அரிது, விலை ஏறுவதும் அங்கேதான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதை விளக்கடியில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரோ திருநீறு போட்டுத் துலக்கியிருக்காங்கடா" என்றார். நான் சிரித்துவிட்டு, நாணயங்களின் தரத்தை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து அது பிளாஸ்டிக் பேழைக்குள் அடைபட்டுத் திரும்பி வந்தபோது, சீட்டில் தர எண் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. 'டீட்டெய்ல்ஸ்' (நாணயம் உண்மையானது, ஆனால் பழுதுபட்டதால் எண் இல்லை) என்ற சொல்லும், துலக்கப்பட்டது என்ற குறிப்பும் மட்டுமே இருந்தன.

அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு பலமுறை அனுப்பியும், பிறர் அனுப்பியவற்றைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை, முதன்முறையாக அனுப்பப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தரமதிப்பீட்டு நிறுவனங்கள் செய்வது இரண்டு வேலைகள்: நாணயம் உண்மையானதா என்று சொல்வது ஒன்று, அதன் நிலைக்கு 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுப்பது மற்றொன்று. இந்த அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்தார். 70 என்ற நிலையில் உள்ள காசு, கடைநிலையில் உள்ளதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அன்றைய கணக்கு. விலைக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. 60ம் அதற்கு மேற்பட்டவையும் புழங்காதவை. அதற்குச் சற்றுக் கீழே உள்ள 58, லேசாகப் புழங்கியது. முதல் வேலையில் இவர்களை நான் பெரிதும் நம்புகிறேன். இரண்டாவது, பழகிய கண்கள் சேர்ந்து சொல்லும் கருத்து. ஒரே நாணயம் ஒருமுறை 64 என்றும், பேழையை உடைத்து மறுபடி அனுப்பினால் 65 என்றும் வருவது இத்துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி.

நிறுவனங்களுக்கு வருவோம். 1986இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிசிஜிஎஸ்ஸும், 1987இல் தொடங்கி இப்போது ஃபுளோரிடாவின் சாரசோட்டாவிலிருந்து இயங்கும் என்ஜிசியும்தான் சந்தையில் முன்னிற்பவை. தாங்கள் தந்த தரத்துக்கும் நாணயத்தின் உண்மைத்தன்மைக்கும் இரண்டும் உத்தரவாதம் அளிக்கின்றன, சீட்டில் உள்ள சான்று எண்ணை இணையத்தில் சரிபார்க்கவும் வழி செய்திருக்கின்றன. நேரடியாக அனுப்ப உறுப்பினர் கட்டணம் கட்டவேண்டும், அல்லது அவர்கள் அங்கீகரித்த வணிகர் வழியாகப் போகவேண்டும். அமெரிக்க நாணயங்களை விற்கும் எண்ணம் இருந்தால் பிசிஜிஎஸ் பேழைக்குப் பெரும்பாலும் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கிறது. பிறநாட்டு நாணயங்கள் என்றால் நான் என்ஜிசியைத்தான் தேர்வேன். 1972இல் அமெரிக்க நாணயவியல் சங்கமே தொடங்கி, 1990இல் கைமாற்றிவிட்ட அனாக்ஸ், மூன்றிலும் மூத்தது. உறுப்பினர் ஆகாமலே அனுப்பலாம் என்பதாலும், நாணயம் அடித்த அச்சுகளின் வேறுபாடுகளை நுணுக்கமாகக் குறித்துத் தருவதாலும், விற்கும் அவசரமில்லாத புதியவருக்கு அது நல்ல தேர்வு, ஆனால் விற்கும்போது அதே எண்ணுக்கு அதே விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இவற்றுக்கு வெளியே, பேரே கேள்விப்படாத பேழைகளில் 67, 68 என்று தாராளமாக எண் போட்டு விற்பவர்கள் நிறைய. அப்படி வாங்கிய ஒன்றை நண்பர் ஒருவர் உடைத்துப் பெரிய நிறுவனத்துக்கு அனுப்ப, அது 61 என்று திரும்பி வந்தது. பிளாஸ்டிக்கையும் அச்சிட்ட சீட்டையும் யாரும் செய்யலாம். பெரிய நிறுவனங்களின் பேழைகளுக்கே போலிகள் உண்டு என்பதால், சான்று எண் பொருந்தினால் மட்டும் போதாது; அவர்களின் தளத்தில் படம் இருந்தால் நாணயத்தையும் அதோடு ஒப்பிடவேண்டும்.

எந்த நிறுவனம் என்பதைவிட, எந்த நாணயம் என்பதில்தான் புதியவர் அதிகம் இழக்கிறார். 1881ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கோடியே இருபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர்கள் அடிக்கப்பட்டன. அழகான நிலையிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. மதிப்பீட்டுக் கட்டணம், கையாளும் கட்டணம், காப்பீடு, இருவழித் தபால் எல்லாம் கூட்டினால், சாதாரணத் தரத்தில் ஏற்கெனவே பேழையில் உள்ள ஒன்றை வாங்குவதே மலிவு. மொத்தச் செலவு நாணயத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அனுப்புவதில்லை. அதற்கு நேர்மாறானது 1893ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ டாலர். அடிக்கப்பட்டது ஒரு லட்சம் மட்டுமே என்பதால், அதே ஆண்டின் ஃபிலடெல்ஃபியா டாலரின் பின்புறத்தில் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்தை ஒட்டிவைத்து ஏமாற்றுவது பழைய வழக்கம். உண்மையானதில் லிபர்ட்டி என்ற சொல்லின் 'டி' எழுத்தின் மேல் பகுதியில் சிறு சாய்கோடு ஒன்று புடைத்து நிற்கும். அதைத் தெரிந்து வைத்திருந்தாலும், பேழையில்லாமல் அதை நான் வாங்கமாட்டேன்.

ஆகவே என் யோசனை, அனுப்புவதற்கு முன் மலிவான ஆண்டுகளில் 62, 64, 65 என மூன்று பேழைகளை வாங்கி, ஒரு மாதமாவது அவற்றோடு பழகுவதுதான். ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், துலக்காத மோர்கனின் மேல் ஒளிக்கற்றைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் சுழலும். துலக்கியதில் அந்தச் சுழற்சி இராது. வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தேய்த்த மாதிரி, மயிரிழைக் கீறல்கள் ஒரே போக்கில் மின்னும். நாணயத்தின் முன்புறத்தில் உள்ள லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் கன்னத்தில் உள்ள தழும்புகள், மூட்டைகளில் ஒன்றோடொன்று மோதியதால் வந்தவை. 62க்கும் 65க்கும் உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கன்னத்தில்தான் இருக்கிறது.

அனுப்பும்போது பிவிசி கலந்த மென்மையான உறைகளைத் தவிர்த்து மைலர் என்ற பாலியெஸ்டர் உறைகளைப் பயன்படுத்துங்கள். பிவிசி நாளடைவில் நாணயத்தில் பச்சைப் பிசுக்கை விட்டுவிடும். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயத்தைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தாத்தாவின் விக்டோரியா ரூபாயைப் பொட்டலம் கட்டி ஃபுளோரிடாவுக்குத் தபாலில் போட்டுவிட முடியாது.

என் 1883 டாலரை இன்னும் பேழையிலிருந்து எடுக்கவில்லை. புதிதாக எதை வாங்க நினைத்தாலும், அதே விளக்கின் கீழ் இரண்டையும் அருகருகே சாய்த்துப் பார்க்கிறேன். அம்மா வந்திருந்தால் அவரிடமும் காட்டுகிறேன்.