பாடிக் காட்டுவதா, கதை சொல்வதா? மாணவர் மியூசிக் வீடியோவுக்கு எது தாக்குப்பிடிக்கும்

மாணவர்கள் எடுக்கும் மியூசிக் வீடியோவில் பணத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது ஆட்களின் நேரம். நடிக்கிறேன் என்று சொன்ன நண்பர் இரண்டாம் நாள் வரமாட்டார். கேமரா தருவதாகச் சொன்னவருக்கு அன்றைக்கென்று தேர்வு வரும். மழை பெய்யும். அதனால் எந்த வடிவம் அழகு என்று யோசிப்பதற்கு முன், ஒரு நாள் படப்பிடிப்பு கைவிட்டுப் போனால் எந்த வடிவம் பிழைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வடிவம், பாட்டு, ஆராய்ச்சி, திட்டத் தாள் எல்லாவற்றையும் இங்கே அந்தக் கேள்வியை வைத்தே எடை போடுகிறேன்.

மூன்று வடிவங்கள்

பாடகரோ குழுவோ பாடுவதைக் காட்டுவது ஒரு வகை. பாட்டின் மேல் ஒரு கதையை ஓட்டுவது இன்னொன்று. ஒரே ஒரு காட்சிக் கற்பனையைப் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்க அதையே வளர்ப்பது மூன்றாவது: நிழல்கள் மட்டும், வெட்டே இல்லாத ஒரே ஷாட், கையால் வரைந்த அனிமேஷன், இந்த மாதிரி.

புதிதாக எடுக்க வருகிற குழுக்களுக்கு முதல் ஆசை கதைமேல்தான். பேசும்போது கதைதான் சட்டென்று புரிகிறது, ஆசிரியரிடம் சொல்லவும் சுலபம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டு மூன்றரை நிமிடம், அதாவது 210 வினாடி. ஒரு ஷாட் சராசரியாக மூன்று வினாடி திரையில் நின்றால் 70 ஷாட் தேவை. கதை வடிவத்தில் அநேகமாக ஒவ்வொன்றும் தனி ஷாட். கேமராவை மாற்றி வைத்து, ஒளி பார்த்து, ஒத்திகை பார்த்து, மணிக்கு நான்கு ஷாட் எடுத்தால்கூட 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இடம் மாறும் நேரம் தனி. குறைந்தது இரண்டு நீண்ட நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளும் அதே ஆட்கள், அதே சட்டை, அதே தலைமுடி இருந்தாக வேண்டும். கதாநாயகி கடிதத்தைக் கண்டெடுக்கும் ஷாட் ஒன்று விட்டுப்போனால், அதற்குப் பின்னால் எடுத்த இருபது ஷாட்டுக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது.

இன்னொரு சிக்கல் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல்லவி திரும்பத் திரும்ப வரும். கதை முன்னால்தான் போகும். கதை சூடுபிடிக்கும் நேரத்தில் பாட்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும்போது, பார்ப்பவருக்குக் காதும் கண்ணும் வேறு வேறு பக்கம் இழுக்கின்றன. கதைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், ஒவ்வொரு பல்லவிக்கும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிற மாதிரி கதையை அமைப்பது நல்லது. அதே பேருந்து நிறுத்தம், அதே பெஞ்சு, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். பாட்டின் வளையம் அப்போது கதைக்கு உதவியாகிவிடும். படப்பிடிப்பு நேரமும் குறையும், ஏனென்றால் அந்த வருகைகள் எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் எடுத்துவிடலாம்.

பாடிக் காட்டும் வடிவத்தில் கணக்கு தலைகீழ். பாட்டை முழுதாக ஒலிக்கவிட்டு ஒரு டேக் (கேமராவை நிறுத்தாமல் எடுக்கும் ஒரு பதிவு) எடுத்தால் 210 வினாடியும் கையில் வந்துவிடும். தூரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, முகம் நெருக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, விரல்களும் கருவிகளும் ஒன்று, கேமரா நடந்தபடி ஒன்று. ஆறு டேக்குக்கு 21 நிமிடக் காட்சிதான். இடைவேளையெல்லாம் சேர்த்தாலும் அரை நாளில் முடியும். இரண்டாவது டேக் முடிந்த கணமே உங்களிடம் ஒரு முழு வீடியோ இருக்கிறது. சுமாரானதாக இருக்கலாம், ஆனால் சமர்ப்பிக்க முடியும். கதை வடிவம் கடைசி ஷாட் வரை இந்த நிம்மதியைத் தராது.

இதன் பலவீனம் உதட்டசைவு. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வீடியோ முழுக்கப் பொய்யாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாடுபவர் வாயை மட்டும் அசைக்கக் கூடாது, குரல் விட்டுப் பாட வேண்டும். கழுத்து நரம்பு, மூச்சு இழுக்கும்போது தோள் ஏறுவது, உச்ச ஸ்தாயியில் புருவம் சுருங்குவது எல்லாம் நிஜமாகப் பாடினால்தான் வரும். எடிட்டிங்கில் பயன்படுத்தப் போகும் அதே ஒலிக்கோப்பைத்தான் படப்பிடிப்பிலும் ஒலிக்கவிட வேண்டும். வேறு பதிப்பு என்றால் தொடக்கத்தில் சேர்வது போலிருந்து நடுவில் நழுவும். பாட்டுக்கு முன்னால் நான்கு தட்டு ஒலியைச் சேர்த்துக்கொண்டால் முதல் சொல்லைத் தவறவிடாமல் பிடிக்கலாம். ஸ்பீக்கர் பாடுபவரின் பக்கத்தில் இருக்கட்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் 14 மீட்டர் தள்ளி இருந்தாலே, வினாடிக்கு 25 ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படம்) கணக்கில், உதடு ஒரு ஃபிரேம் பிந்திவிடும். கேமராவின் மைக்கை அணைக்கவே கூடாது. அந்தச் சத்தம் வீடியோவில் வரப்போவதில்லை என்றாலும், எடிட்டிங்கில் ஆறு டேக்கையும் பாட்டோடு வரிசைப்படுத்த அதுதான் பிடிமானம்.

ஸ்லோ மோஷனில் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. வினாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் அசைவு பாதி வேகத்துக்கு வரும். ஆகவே படம் பிடிக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு அந்த வேகத்திலேயே பாட வேண்டும். திரையில் முடியும் உடையும் மெதுவாக அலைய, உதடு மட்டும் பாட்டோடு அச்சாகச் சேரும். இரட்டை வேகத்தில் சொற்களை உச்சரிக்கப் பழக்கம் வேண்டும் என்பதால் முந்தைய நாளே வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

மூன்றாவதான கற்பனை வடிவத்தில் ஆட்களின் நேரம் அவ்வளவாகத் தேவைப்படாது, உங்களுடைய நேரம்தான் போகும். நார்வேயின் ஆ-ஹா பாப் இசைக் குழுவின் 'டேக் ஆன் மி' பாட்டுக்கு 1985இல் வந்த வீடியோவில் பென்சில் ஓவியங்கள் உயிர் பெறும். படம் பிடித்த காட்சியின் மேல் சுமார் 3,000 ஃபிரேம்கள் வரையப்பட்டன, அதற்கு 16 வாரம் பிடித்தது. வினாடிக்கு 12 ஓவியம் என்று சிக்கனமாக வைத்தாலும் உங்கள் 210 வினாடிக்கு 2,520 ஓவியம். அனிமேஷன் யோசிப்பவர்கள் முதலில் பத்து வினாடியை மட்டும் செய்து முடித்து, அதற்கு ஆன நேரத்தை 21ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். ஒரே ஷாட் வடிவம் இதற்கு நேர் எதிர். ஒரு இடம், ஒரு நாள், ஒத்திகை மட்டும் நிறைய. ஆனால் அன்றைக்கு ஒருவர் வராவிட்டால் எதுவுமே மிஞ்சாது.

என் தீர்ப்பு: பாடிக் காட்டுவது முதுகெலும்பாக இருக்கட்டும், அதன்மேல் நான்கைந்து தருணங்கள் மட்டும் கொண்ட மெல்லிய கதை போதும். பாடும் பகுதியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். கதை நாள் கைவிட்டுப் போனாலும் வீடியோ நிற்கும். கதை நன்றாக வந்தால் வெட்டிச் சேர்க்க இடம் தாராளமாக இருக்கும்.

ஆராய்ச்சி: கருத்துக் கணிப்பா, ஷாட் கணக்கா

ஆராய்ச்சி என்றதும் ஒரு கேள்வித்தாள் தயாரித்து, எந்த மாதிரி இசை பிடிக்கும், எவ்வளவு நேரம் வீடியோ பார்ப்பீர்கள் என்று கேட்டு, வட்ட வரைபடம் போட்டுவிடுவது வழக்கம். அந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு ஷாட்டைக்கூட யாரும் மாற்றி எடுக்கப்போவதில்லை. மதிப்பெண் திட்டத்தில் இருந்தால் செய்துவிடுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

பலன் தருவது ஷாட் கணக்கு. உங்கள் பாட்டின் அதே வகையில் மூன்று வீடியோவை எடுத்துக்கொண்டு, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு ஒலியோடு பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரம், கேமரா தூரம், கேமரா அசைவு, அந்தக் கணத்தில் என்ன வரி பாடப்படுகிறது, நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வீடியோவுக்கே ஒரு மாலை போய்விடும், ஆனால் போன மாலைக்குப் பலன் உண்டு. பல்லவியில் வெட்டு வேகம் கூடுகிறதா, முகம் எத்தனை முறை நெருக்கமாக வருகிறது என்பதெல்லாம் எண்ணிக்கையாகக் கண்முன் வந்து நிற்கும்.

எழுதிய தாளை வாசிக்க மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வகுத்த பிரிவு கைகொடுக்கும். காட்சி வரியை அப்படியே காட்டலாம், வரியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துப் பெரிதாக்கலாம், அல்லது வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் போகலாம். 'மழை' என்ற சொல் வரும்போது மழையைக் காட்டுவது முதல் வகை. அந்த இடத்தில் காய்ந்துகொண்டிருக்கும் ஒற்றைச் செருப்பைக் காட்டினால் இரண்டாம் வகை. மாணவர் வீடியோக்கள் முதல் வகையிலேயே மாட்டிக்கொள்கின்றன. உங்கள் ஷாட் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பாருங்கள். வரிசையாக ஒன்றாகவே வந்தால் இன்னும் யோசிக்க வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டு: புகழ்பெற்றதா, நண்பர் பாடியதா, இலவச உரிமமா

புகழ்பெற்ற பாட்டில் இரண்டு சங்கடம். அதற்கு ஏற்கெனவே ஒரு வீடியோ இருக்கும், பார்ப்பவர் மனதில் அதுதான் ஓடும். அப்புறம் உரிமை. வரியும் மெட்டும் ஒரு உரிமை, ஒலிப்பதிவு இன்னொரு உரிமை, வீடியோவோடு சேர்க்க இரண்டுக்குமே அனுமதி வேண்டும். நீங்களே பாடிப் பதிவு செய்தால் ஒலிப்பதிவு உரிமைப் பிரச்சினை தீரும், வரி, மெட்டு உரிமை அப்படியே இருக்கும். வகுப்பறைக்குள் காட்டுவதற்கான விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு வேறு. யூடியூபில் ஏற்றினால் கன்டென்ட் ஐடி என்ற அதன் உரிமைச் சோதனை அமைப்பு தானாகவே பாட்டை அடையாளம் கண்டுவிடும். வீடியோவை முடக்குவதா, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா என்பது அதற்குப் பிறகு உரிமையாளர் கையில்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதித்துக் கிடைக்கும் பாட்டு இதற்கு நல்ல மாற்றுதான், ஆனால் ஒரு பொறி உண்டு. உரிமத்தின் பெயரில் 'என்டி' என்று இருந்தால், அதாவது மாற்றி அமைக்கக் கூடாது என்றால், அதை வீடியோவோடு சேர்த்து வெளியிடவே முடியாது. நகரும் படத்தோடு இசையை நேரம் பொருத்திச் சேர்ப்பதையே அந்த உரிமங்கள் மாற்றி அமைத்தலாகக் கருதுகின்றன. 'எஸ்ஏ' என்றிருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடும் நண்பர் இருந்தால் அவரைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பேன். எழுத்தில் ஒரு பக்க அனுமதி வாங்கினால் போதும், பாடிக் காட்டவும் அவரே வந்து நிற்பார். பதிவு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. மெட்டோ வரியோ வேறு யாருடையதும் இல்லை என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாளில் திட்டம்: ஸ்டோரிபோர்டா, ஷாட் லிஸ்டா, அனிமேட்டிக்கா

ஷாட் லிஸ்ட் படப்பிடிப்பு நாளுக்கானது. எந்த இடத்தில் எந்தெந்த ஷாட் என்று இடவாரியாக அடுக்கி, முடிந்ததை அடித்துக்கொண்டே போக அதைவிட வசதியானது இல்லை. ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது, அழகாக வரையத் தெரிந்தவருக்கு ஆபத்தானது. படம் நன்றாக இருப்பதாலேயே ஷாட் நன்றாக இருக்கும் என்று தோன்றிவிடும். பாட்டின் நேரமும் அதில் தெரியாது.

இரண்டில் எதைக் குறைத்தாலும் அனிமேட்டிக்கை விடாதீர்கள். கோட்டுப் படங்களையோ, நண்பர்களை நிற்க வைத்துக் கைபேசியில் எடுத்த புகைப்படங்களையோ எடிட்டிங் மென்பொருளில் பாட்டின் மேல் வரிசையாக வைத்து ஓட்டுவதுதான் அது. ஒரு மாலையில் செய்துவிடலாம். ஓடவிட்டதும் ஓட்டைகள் தெரியும்: இரண்டாவது சரணத்துக்குப் படமே இல்லை, முடிவு பன்னிரண்டு வினாடி முன்னாலேயே வந்துவிட்டது, அந்த அருமையான ஷாட்டுக்குப் பாட்டில் இரண்டு வினாடிதான் இடம். படப்பிடிப்பில் ஒரு ஷாட் கிடைக்காமல் போனால் எது உடையும் என்பதையும் இதில் அந்தப் படத்தை எடுத்துவிட்டே சோதிக்கலாம். எந்தப் படத்தை எடுத்தால் வீடியோ புரியாமல் போகிறதோ அதைத்தான் காலையில் முதல் வேலையாக எடுக்க வேண்டும். அனிமேட்டிக்கை நான்கைந்து பேருக்குக் காட்டி, எங்கே கண் வேறு பக்கம் போகிறது என்று அவர்கள் முகத்தைக் கவனியுங்கள். கேள்வித்தாள் தராத பதில் அதில் கிடைக்கும்.

கைபேசியா, கேமராவா

கைபேசி போதும். ஆனால் பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை, அதனால் நீண்ட டேக்கில் உதடு போகப்போக நழுவும். நிலையான வேகத்தில் பதிவு செய்யும் ஆப் வேண்டும், அல்லது எடிட்டிங்குக்கு முன் கோப்பை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளரங்கில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, கையால் அமைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் 1/50 அல்லது 1/100 வினாடி, 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120. இல்லாவிட்டால் சில விளக்குகளின் ஒளி திரையில் துடிக்கும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம். கேமரா கிடைத்தாலும் இரண்டாவது கோணத்துக்குக் கைபேசியை வைத்துக்கொள்ளலாம். பதிவைத் தொடங்குவதற்கு முன் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், நல்ல டேக்கின் நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடக்கூடும்.