டிராக் ஸ்ட்ரிப்புக்கு எஸ்யூவியை ஓட்டிப் போவதா, ஏற்றிப் போவதா?

டிராக் ஸ்ட்ரிப் என்பது நேர்கோட்டில் வேகப் பந்தயம் ஓடும் பாதை. ராமநாதபுரத்திலிருந்து சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் 500 கி.மீ.க்கு மேல். டியூன் செய்து பவர் ஏற்றிய டர்போ எஸ்யூவியை ஓட்டியே போனால் லாரி வாடகை மிச்சம்; பூஸ்ட் பைப் (டர்போ அழுத்திய காற்று போகும் குழாய்) கிளாம்ப் தளர்ந்திருந்தால் வழியிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் டிராக் பந்தயத்தின் 402 மீட்டர் (கால் மைல்) ஓட்டத்தில் எது உடைந்தாலும் பெரும்பாலும் கிளம்பும் நொடியில்தான் உடையும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) போனால் வீடு திரும்புவது எப்படி? நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை முன்பக்கம் மட்டும் தூக்கி இழுத்தால் மிச்ச கியரும் பாழ். பவர் நிறைய ஏற்றியிருந்தால், வண்டி முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரிதான் சரி. லாரியோடு வண்டியைப் பிணைக்கும் பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் போட்டுக் கட்டுங்கள். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) கட்டினால் சஸ்பென்ஷன் குதித்துக் குதித்துப் பெல்ட் தளரும். 50 கி.மீ.யில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

எப்படிப் போனாலும், தனுஷ்கோடிப் பக்கம் ஓடிய வண்டி என்றால் இன்டர்கூலரைப் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பாருங்கள். அதன் மெல்லிய உலோக இதழ்களுக்கிடையே உப்பும் மணலும் அப்பியிருக்கும், விரலால் தடவினால் நறநறக்கும். காற்று போக வழியின்றி சூடு ஏறும், பவர் விழும். நல்ல தண்ணீரை மெதுவாக, உள்பக்கமிருந்து வெளியே விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், இதழ் மடங்கிவிடும்.