ஹோவா 1500: இரும்பு நல்லது, ரப்பர் சுமார்

இம்பாலா மான், காட்டுப்பன்றி, எப்போதாவது குடு என்ற பெரிய மான் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் வடக்கு சூலுலாந்து முட்காட்டில் எனக்கு அதற்குமேல் வேலையில்லை. பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் சுடுவது. இதற்குப் போய் சாக்கோ மாதிரி உயர்ரகத் துப்பாக்கியின் விலை கொடுக்க மனசு வரவில்லை. அதனால் ஹோவா 1500 வேட்டைத் துப்பாக்கி வாங்கினேன். .308 வின்செஸ்டர் தோட்டா அளவு, 22 அங்குலக் குழல், ஹோக் கம்பெனியின் ரப்பர் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் உடல்பகுதி). .308க்கு பிரிட்டோரியாவில் செய்யும் பிஎம்பி தோட்டாவே இருக்கிறது. பயிற்சிக்கு நிறையச் சுடுகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

ஹோவா ஜப்பான் கம்பெனி. அமெரிக்க வெதர்பி கம்பெனியின் வான்கார்ட் துப்பாக்கிகளைச் செய்துகொடுப்பதும் இவர்கள்தான். மாமாவிடம் ப்ளூம்ஃபோன்டைனில் செய்த பழைய மஸ்கிரேவ் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. வேறு எதையும் அவர் மதிக்கமாட்டார். “ஜப்பான்காரன் கார் செய்வான், துப்பாக்கியுமாடா?” என்றார். அவரையும் மசியவைத்தது இதன் பாதுகாப்புப் பூட்டு. மூன்று நிலை கொண்டது. நடுவில் வைத்தால் ட்ரிகர் பூட்டியிருக்கும், ஆனால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்) திறக்கும். பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏறுமுன் பயமில்லாமல் தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். ட்ரிகர் இரண்டு கட்டம்: முதலில் லேசாக வந்து ஓரிடத்தில் நிற்கும், அப்புறம் சின்ன அழுத்து, அவ்வளவுதான். இந்த விலையில் இப்படியொரு ட்ரிகரை நான் எதிர்பார்க்கவில்லை. போல்ட் புதிதில் கொஞ்சம் உரசியது, ஓட ஓடச் சரியாகிவிட்டது. அதைக் கழற்றித் துடைக்கக் கருவி எதுவும் வேண்டாம், பின்மூடியைத் திருகினால் போதும்.

குறை கட்டையில்தான். மழையில் வழுக்காது, தோளுக்கும் இதம். ஆனால் முன்பக்கம் வளைகிறது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பத்து ராண்ட் நோட்டை விட்டுப் பாருங்கள், தாராளமாக ஓடும். பைபாட் (முன்பக்கத்தில் மாட்டும் இரட்டைக்கால் தாங்கி) மாட்டிக் கொஞ்சம் சாய்ந்து அழுத்துங்கள், நோட்டு சிக்கிக்கொள்ளும். குழல் கட்டையைத் தொட்டால் குறி நகரும். மணல் பையிலோ கவைக்கோலிலோ வைத்துச் சுடுகிறவர்களுக்கு இது உறைக்காது. பைபாட்தான் வேண்டும் என்றால் வேறு கட்டைக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

கடைக்காரர் ஸ்கோப்போடு சேர்ந்த ‘பேக்கேஜ்’ ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். வேண்டாம் என்று துப்பாக்கியை மட்டும் வாங்கி, மிச்சத்தை நல்ல மவுண்டிலும் (ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் தாங்கி) ஸ்கோப்பிலும் போட்டேன். மலிவுத் துப்பாக்கி பிழைத்துக்கொள்ளும், மலிவு ஸ்கோப் காலை வாரும்.

இங்கே 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி என்னைப் போல எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கு நான்கு துப்பாக்கிகள்தான், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். ஆகவே அவசரப்படாமல் பழைய மஸ்கிரேவ்களையும் பாருங்கள். நல்ல நிலையில் கிடைத்தால் விலை இன்னும் குறைவு. ஹோவாதான் என்று முடிவானால், ஸ்கோப் மாட்டிய ஒன்றைக் கடையில் கொஞ்ச நேரம் தோளில் போட்டு நடந்து பாருங்கள். நாலு கிலோவைத் தொடும்.