போட்டோ எடிட்டிங் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்: பினாங்கில் எனக்கு நடந்தது

ஜார்ஜ்டவுனில், கொம்தாருக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த போட்டோ எடிட்டிங் வகுப்புக்கு 1,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டி ஏமாந்தேன். எட்டு சனிக்கிழமை என்று சொன்னார்கள். வகுப்பு என்று சொல்லும்படி நடந்தது நான்கு. அந்த நான்கிலும் கற்றுக்கொண்டதைப் பிறகு மறக்க வேண்டியிருந்தது. கல்யாணப் படம், பிறந்தநாள் படம் என்று பகுதிநேரமாகச் சம்பாதிக்கலாம் என நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த மாதிரி வகுப்புகளைத் தேடுகிறார்கள். அவர்கள் காசு இப்படிப் போகக் கூடாது.

நடத்தியவர் பெயரையும் வகுப்பின் பெயரையும் நான் போடவில்லை. பலகையை மாற்றிவிட்டு வேறு தெருவில் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்திருந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கிறேன். எடிட்டிங் கற்க ஆசைப்பட்டதற்குக் காரணம் என் பாட்டியின் படம். கூலிம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வாசலில் நின்று எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் அவருக்கு இருக்கிறது. வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி, ஈரம் ஏறி, கன்னத்தில் பூஞ்சைத் திட்டு விழுந்து, நடுவில் ஒரு மடிப்புக் கோடும் வந்துவிட்டது. படம் கண்ணாடியோடு ஒட்டியும் போயிருந்தது. பிரித்தால் உரிந்து வந்துவிடும் என்று பயந்து, கண்ணாடியோடு சேர்த்தே ஒரு கடையில் ஸ்கேன் செய்து பென்டிரைவில் வாங்கி வைத்திருந்தேன். அம்மா கண் முன்னால் அதை நானே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் ஓர் இலவச அறிமுக வகுப்பு. பெரிய திரையில் ஒரு மணப்பெண்ணின் படம், முன்பு ஒன்று, பின்பு ஒன்று. பார்த்ததும் அசந்துபோனேன். அடுத்த பத்தாவது நிமிடம் ஒரு தாளை நீட்டினார்கள். 3,200 வெள்ளி கட்டணமாம், இன்றைக்கே கட்டினால் 1,800. ஆயுளுக்கும் போதுமான போட்டோஷாப் லைசென்ஸ், அனைத்துலகச் சான்றிதழ், படித்து முடித்ததும் வேலை. எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. நான் கொடுத்த பணத்துக்கான ரசீதில் மட்டும் 'பதிவு' என்ற ஒரு சொல்தான் இருந்தது. என்ன பாடம், எத்தனை வகுப்பு, எந்தத் தேதி, ஒன்றும் இல்லை. அதை அப்போது கவனித்துக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த 'ஆயுள் லைசென்ஸ்' என்ற வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடோபி நிறுவனம் 2013இல் போட்டோஷாப்பைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு வந்த முழு போட்டோஷாப்பை ஒரே முறை பணம் கட்டி ஆயுளுக்கும் வாங்க வழியே கிடையாது. மாதாமாதமோ வருடத்துக்கோ கட்டித்தான் ஆக வேண்டும். யாராவது 'ஒரு தடவை கட்டினால் போதும், புதுசு' என்றால் அது திருட்டு மென்பொருள். எங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். முதல் வகுப்பில் பாதி நேரம், எல்லாரையும் லேப்டாப்பில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி, ஒரு பென்டிரைவைக் கை மாற்றிக் கை மாற்றி ஏற்றினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பிறை ஊரைச் சேர்ந்த ஒரு தம்பியின் பேஸ்புக் கணக்கு இரண்டே வாரத்தில் வேறு யார் கைக்கோ போய்விட்டது. அந்த பென்டிரைவால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் ஏற்றாதீர்கள். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

படத்தைச் சரிசெய்வது என்று அவர் கற்றுக்கொடுத்தது இரண்டே வேலை. ஒரு பிரீசெட்டைத் (முன்கூட்டியே செய்துவைத்த திருத்த அமைப்பு) தட்டுவது, தோலை வெளுப்பாக்குவது. நம் நிறத்தில் ஒரு பெண்ணின் படத்தைத் திறந்து, 'கலரை மேலே தூக்குங்க, அப்பதான் கஸ்டமர் காசு குடுப்பாங்க' என்றார். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, ஏற்றினார், தோலை மழமழவென்று தேய்த்தார், கன்னத்து மச்சத்தை எடுத்தார். அந்தப் பெண் வேறு யாராகவோ ஆகிவிட்டாள். அறையில் இருந்த பதினோரு பேரும் தமிழர்கள். 'சார், இது திருத்தமா? அவங்க நிறமே இது இல்லையே' என்று கேட்டேன். 'மார்க்கெட்டுக்கு என்ன வேணுமோ அதைத்தான் நான் சொல்லித் தரேன்' என்று முடித்துவிட்டார்.

உண்மையில் நம் கல்யாணப் படங்களில் திருத்த வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. மண்டபத்தில் மேடைக்கு மேலே மஞ்சள் விளக்கு, நடுக்கூடத்தில் வெள்ளை டியூப், வாசல் பக்கம் வெயில். மூன்றும் மூன்று நிறம். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் பல்பு 2,700 முதல் 3,000 வரை, நண்பகல் வெளிச்சம் 5,500 பக்கம். மணப்பெண் முகத்தில் நலங்கு மஞ்சள் இருக்கும். அது தோலில் இருக்கும் மஞ்சள், இது விளக்கு கொட்டும் மஞ்சள் என்று கேமராவின் ஆட்டோ நிறத் திருத்தத்துக்குப் பிரிக்கத் தெரியாது. மொத்தமாகக் குறைத்துவிடும், முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். சாம்பல் அட்டை ஒன்றை அதே விளக்கில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சமன்செய்வது) அதை வைத்துச் சரிசெய்யலாம். இன்னொன்று கூறைப் பட்டின் சிவப்பு. படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் உச்சம் 255. சிவப்புச் சேனல் அந்த 255ஐத் தொட்டுவிட்டால் புடவையின் நெசவும் மடிப்பும் மறைந்து, ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சேனல் சேனலாகப் பார்த்தால்தான் அது தெரியும். சுருக்கிச் சேமிக்கும் சாதாரணப் படக் கோப்பான ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிநிலைதான். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்பது பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதில் ஒரு வரியைக்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. ஹிஸ்டோகிராம் என்ற சொல்லே அந்த நான்கு வாரத்தில் வரவில்லை. பட்டர்வொர்த்தில் பல வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கும் ஓர் அண்ணன், பின்னால் இரண்டு சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

நான்காவது வகுப்பு. பழைய படத்தைப் புதுப்பிப்பது. இதற்காகத்தான் காத்திருந்தேன். பாட்டி படம் இருந்த பென்டிரைவைக் கொடுத்தேன். அவர் நேராகத் திறந்து, பெரிதாக்கி, ஹீலிங் பிரஷை எடுத்துப் பூஞ்சைத் திட்டின் மேல் ஓட்டினார். திட்டு போனது, எனக்கும் சந்தோஷம். அப்படியே கை நகர்ந்து மூக்குப் பக்கம் போனது. ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. ஒரு சொடுக்கு, அதுவும் காணோம்.

'சார், அது மூக்குத்தி.'

'டஸ்ட்டு மாதிரிதாம்மா இருந்துச்சு. இப்ப பாருங்க, எவ்வளவு க்ளீனா இருக்கு.'

சொல்லிக்கொண்டே கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டார். லேயர் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) போடவில்லை, நகல் எடுக்கவில்லை. என் பென்டிரைவில் இருந்த மூலக் கோப்பின் மேலேயே சேமித்து, அடுத்தவர் படத்துக்குப் போய்விட்டார். பாட்டி அந்த ஒற்றைக்கல் மூக்குத்தியைக் கடைசி வரை கழற்றியதே இல்லை என்று அம்மா சொல்லுவார். பெர்ரியில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூக்கு வெறுமையாக இருந்தது. அம்மாவிடம் காட்ட மனசு வரவில்லை. நல்லவேளை, மூலப்படம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

பட்டர்வொர்த் அண்ணன் அந்தக் கோப்பைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: 'என்ன தங்கச்சி, இதுல லேயரே இல்லையே?' மூலத்தைத் தொடவே கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடமாம். முதலில் நகல். நகலுக்கு மேலே வெற்று லேயர், திருத்தம் எல்லாம் அதில். நிறமும் வெளிச்சமும் தனி லேயரில், மாஸ்க் போட்டு. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். அப்படிச் செய்தால் எந்தத் தப்பையும் எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டி படத்தை இந்தத் தடவை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தோம்.

ஐந்தாவது வாரம் சார் வரவில்லை. ஒரு பையன் வந்து யூடியூப் காணொளிகளை ஓட்டினான். ஆறாவது வாரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது, அதுவும் பதிவு செய்த காணொளி. அதோடு சரி. சான்றிதழ் மட்டும் ஒழுங்காக வந்தது, பளபளப்பான தாளில், அவர்களே அச்சடித்தது. அடோபியின் உண்மையான சான்றிதழ் வேண்டுமென்றால் செர்டிபோர்ட் என்ற தேர்வு நிறுவனம் வழியாக நடக்கும் தேர்வை எழுத வேண்டும். நம் நாட்டில் சிஜில் கெமாஹிரான் மலேசியா (மலேசியத் திறன் சான்றிதழ்) வேண்டுமென்றால், வகுப்பு நடத்தும் இடம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மையமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத தாளை எந்த முதலாளியும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற தாளைக் காட்டினார்கள். நான் அதோடு விட்டுவிடவிருந்தேன். எங்கள் லைனில் வேலை செய்யும் ஓர் அக்காதான், 'பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போ, அஞ்சு வெள்ளிதான்' என்று சொன்னார்.

நிஜமாகவே 5 வெள்ளிதான். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் அது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையைக் கேட்பார்கள். வழக்கறிஞர் வரக் கூடாது, நம் கதையை நாமே சொல்ல வேண்டும். அதே சட்டம், சேவை தருபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிறது. சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டால் அந்தக் கடமை போய்விடாது. கோரிக்கைப் பாரம் (படிவம்) ஒன்றை நிரப்பினேன். அறிமுக வகுப்பில் கொடுத்த தாள், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், வகுப்பு நடக்காத நாட்களின் தேதிகள், பாட்டி படத்தின் இரண்டு பிரதிகள், எல்லாவற்றையும் அச்செடுத்து எடுத்துப் போனேன். அந்த அறிமுகத் தாளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் கடைசியில் உதவியது. 'எட்டு வகுப்பு' என்று எழுத்தில் இருந்தது அதில் மட்டும்தான்.

விசாரணை அன்று முதலில் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். அவர் 600 தருகிறேன் என்றார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 1,350இல் நின்றது. அது தீர்ப்பாகவே பதிவானது. 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றம். பதின்மூன்றாம் நாள் பணம் கணக்கில் வந்தது.

இப்போது நான் கிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில் பழகுகிறேன். இலவசம், 1996இலிருந்து இருக்கிறது, லேயர், மாஸ்க், கர்வ்ஸ், ஹீலிங் எல்லாம் அதில் உண்டு. எதையும் ஏற்ற முடியாத பழைய கணினி என்றால் போட்டோபியா, பிரவுசரிலேயே திறக்கும். ரா கோப்புக்கு டார்க்டேபிள், அதுவும் இலவசம். நேரில் ஒருவர் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் வகுப்புக்குப் போங்கள், நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டும் முன், உங்கள் போனில் இருக்கும் ஒரு மோசமான படத்தைக் கொடுத்து, உங்கள் எதிரிலேயே திருத்தச் சொல்லுங்கள். லேயர் பலகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். 'அதெல்லாம் வகுப்பில் பார்க்கலாம்' என்றால் கிளம்பிவிடுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். பாட எண்ணிக்கையும் தேதியும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

என்னோடு படித்த பத்துப் பேரில் இரண்டு பேரோடு மட்டும்தான் எனக்குத் தொடர்பு இருக்கிறது. மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால்: அந்த அறிமுகத் தாளையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் கோரிக்கை போடலாம், நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்களிடம் தாள் இல்லையென்றால் என்னிடம் உள்ளதை நகல் எடுத்துத் தருகிறேன். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன், கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.