தருமபுரியில் பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? 1,85,000 ரூபாயைக் கோட்டைவிட்டவன் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி மழையில் ஹாலில் மூன்று இடத்தில் சொட்டியது. மூன்றும், "பக்காவா முடிச்சாச்சு சார்" என்று சொல்லி என்னிடம் 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்ட அதே இடங்கள். தூக்கம் போய்விட்டது. வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உபயோகமாகப் பத்து விஷயமாவது சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு வாங்க, விற்க என்று போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் ஆபீஸ் போட்டிருக்கிறார்களே, அந்த மாதிரி ஒன்றில் மாட்டினேன். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார் மைத்துனர். அதனால் போடவில்லை.

பென்னாகரம் ரோட்டுப் பக்கம், மூன்று சென்ட், கட்டி ஒன்பது வருஷம், 42 லட்சம். ஓனர் பெங்களூரில். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிற மாவட்டம் நம்முடையது. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடு என்றதுமே என் வீட்டம்மா பாதி சம்மதம் சொல்லிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்த இன்ஜினியர் ஒருவருக்கு 3,000 கொடுத்துக் காட்டினேன். அவர் ஸ்டூல் மேல் ஏறி பைக் சாவியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் 'பொத்' என்றது. சுவரைச் சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. மொட்டை மாடியில் பதித்த தட்டை ஓடு முழுக்க விரிசல், தண்ணீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடித்து சிமெண்டைத் தள்ளுகிறது என்றார். மாடித் தளத்தைப் பெயர்த்துப் புதுசாகச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கித் தளம் போட 1,80,000, சீலிங் கம்பி வேலை 70,000, பாத்ரூம் கசிவு 60,000, சம்ப் விரிசல் 35,000, எர்த் வயரிங் 25,000. மொத்தம் 3,70,000 என்று எழுதியே கொடுத்தார்.

அந்தத் தாளை வைத்து விலையைக் குறையுங்கள் என்றேன். ஒரு வாரம் பதிலே இல்லை. அப்புறம் ஆபீஸ் பையன் வீட்டுக்கே வந்தான். "விலையைக் குறைச்சா லோன் பேப்பர் மறுபடி முதல்ல இருந்து போகணும் சார். ஓனர் பாதி, நீங்க பாதி போடுங்க. எங்க மேஸ்திரியே செய்வாரு, பத்திரத்துக்கு முந்தி ரெடி." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1,85,000 ரூபாயைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். ரசீது? "ஆப்ல ஏத்திடறேன் சார்." இன்றுவரை ஏறவில்லை.

பத்திரத்துக்கு முதல் நாள் கூட்டிப்போய்க் காட்டினான். புதுப் பெயிண்ட் வாசனை. என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்து, "தடவிப் பாருங்க சார், சொரசொரன்னு எங்கயாவது இருக்கா? நீங்க எங்க அப்பா மாதிரி. உங்கள ஏமாத்தினா நான் நல்லா இருப்பேனா?" என்றான். சுவர் வழவழவென்று இருந்தது. என் மனசும் அப்படியே வழுக்கிவிட்டது. "இன்ஜினியரை இன்னொரு தடவை கூப்பிடலாங்க" என்று வீட்டம்மா சொன்னார். அவர் மறுபடி 1,500 கேட்பார் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

இன்று காலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஈரமான இடத்தில் குத்தினேன். பட்டி உரிந்து வந்தது. உள்ளே விரிசலில் சிமெண்ட் இல்லை, சுருட்டித் திணித்த செய்தித்தாள். பிரித்தால் 'மணமகன் தேவை' விளம்பரம், எழுத்துகூட அழியவில்லை. மாடியில் வெள்ளைப் பூச்சைச் சுரண்டினால் அடியில் அதே பழைய தட்டை ஓடு, அதே விரிசல். ஒரு ஓடுகூடப் பெயர்க்கப்படவில்லை. ஓனரின் பாதியும் வந்ததா, வந்தால் எங்கே போனது என்று யாரைக் கேட்பது?

காலையிலிருந்து அந்த ஆபீஸ் பையனுக்கு ஏழு தடவை போன் போட்டேன். முதலில், "சைட்ல இருக்கேன் சார்." அடுத்தது, "மழை விடட்டும், ஈரத்துல கை வைக்கக் கூடாது." அதற்கும் அடுத்து, "புது வீடே ஒழுகுது சார், இது ஒன்பது வருஷ வீடு." காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்; நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. கஸ்டமர் கேர் பெண் ரொம்ப மரியாதையாக, "ரிப்பேர் எங்கள் சேவையில் வராது, நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம்" என்றார். ஓனர், "பத்திரம் முடிஞ்சது, அப்புறம் என்னங்க" என்று வைத்துவிட்டார். மத்தியானம் ஆப்பிலிருந்து ஒரு மெசேஜ்: உங்கள் அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார்?

தெரிந்த வக்கீலிடம் பேசினேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டுமாம். ஆனால் என் இன்ஜினியர்தான் எல்லாவற்றையும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாரே, குறை தெரிந்தே வாங்கினீர்கள் என்பார்களாம். 3,000 கொடுத்துச் செக் பண்ணியது எனக்கே வினையாகிவிட்டது! ரிப்பேருக்கென்று வாங்கிய 1,85,000 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்தும் புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாததால் வாட்ஸ்ஆப் பேச்சை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.

சரி, பத்து விஷயம் என்றேன். இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. ரிப்பேர் செய்து தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் என்னென்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று கிரைய ஒப்பந்தத்திலேயே எழுதி ரிஜிஸ்டர் செய்யுங்கள். அவர்கள் ஆளுக்குக் கையில் பணம் கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். மாடியில் தண்ணீரைக் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகுதான் பத்திரம். பேங்க் இன்ஜினியர் வந்து போனார் என்று தைரியமாக இருக்காதீர்கள். அவர் கடனுக்கு வீடு பெறுமா என்று பார்க்க வருகிறவர், ஒழுகுமா என்று பார்க்க அல்ல.

நாளை காலை பத்து மணிக்கு அந்த ஆபீஸ் வாசலில் நிற்பேன். அந்த 'மணமகன் தேவை' காகிதத்தைக் காய வைத்திருக்கிறேன், அதுவும் கூட வருகிறது.