மூன்று மாதமா, இரண்டு வருடமா? தோட்டம் மாறிய பிறகு தத்தெடுப்பு

கெடா மாநிலத்துப் பீடோங் தோட்டத்திலிருந்து நெகிரி செம்பிலானில் இருக்கும் பகாவுக்கு அண்ணன் குடும்பம் மாறி வந்தபோது லாரியிலிருந்து முதலில் இறங்கியது தொட்டில் கம்பி. பிள்ளைக்கு நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. வயிற்றில் சுமக்காத பிள்ளை. சாமான் இறக்கி முடிவதற்குள் அண்ணி என்னிடம் கேட்டார்: "தம்பி, கெடாவில எண்ண ஆரம்பிச்ச மாசம் நெகிரில செல்லுமா?"

செல்லும். தத்தெடுப்புக்கு இங்கே, தீபகற்ப மலேசியாவில், இரண்டு சட்டங்கள். இரண்டும் 1952-இல் வந்தவை, இரண்டும் தீபகற்பம் முழுவதற்கும் பொது. பெர்லிஸுக்கு ஒன்று, ஜொகூருக்கு ஒன்று என்று இல்லை. பிள்ளை தொடர்ச்சியாக எத்தனை நாள் உங்கள் கையில் வளர்ந்தது என்பதுதான் கணக்கு. வீட்டு எண் மாறினால் கணக்கு உடையாது. நடுவில் பிள்ளையைப் பாட்டி வீட்டில் நாலு மாதம் விட்டுவைத்தால் உடையலாம்.

முதல் வழி கோர்ட்டு, 257-ஆம் சட்டம். கோர்ட்டு உத்தரவு கொடுக்கும் தேதிக்கு முன் குறைந்தது மூன்று மாதம் பிள்ளை இடைவிடாமல் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். தத்தெடுக்கப் போகிறோம் என்று சமூக நல இலாகாவுக்கு எழுத்தில் தெரிவித்தும் மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான். பிள்ளை ஆறு மாதமாக மடியில் கிடக்கும், கடிதம் போயிருக்காது.

இரண்டாவது வழி தேசியப் பதிவிலாகா, 253-ஆம் சட்டம். இங்கே காத்திருப்பு இரண்டு வருடம். சொந்தப் பிள்ளை போலவே தொடர்ந்து வளர்த்துவிட்டு, அதன் பிறகுதான் மனு. வக்கீல் தேவையில்லை, செலவும் குறைவு. தோட்டத்தில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் அதுதான். கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

வயது விதியிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. இரண்டிலும் மனு போடுபவருக்கு 25 வயது வேண்டும். கோர்ட்டு வழியில் பிள்ளையைவிட 21 வயது மூத்தவராகவும், பதிவு வழியில் 18 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். உறவுக்காரர் என்றால் 21 வயதே போதும். முஸ்லிம் குடும்பங்களுக்குக் கோர்ட்டு வழி கிடையாது, பதிவு மட்டும்தான்.

என்னைக் கேட்டால், கைக்குழந்தைக்குக் கோர்ட்டுதான். காத்திருப்பு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சொத்து என்று வரும்போதுதான் இரண்டு வழிகளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டால் அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் நீங்கள் பெற்ற பிள்ளை. உயில் எழுதாமல் நீங்கள் கண்ணை மூடினாலும் அதற்குப் பங்கு உண்டு. பதிவு வழியில் வளர்க்கும் பொறுப்பும் உரிமையும் வரும், வாரிசு உரிமை வராது. உயில் எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். நம் லயத்தில் எத்தனை பேர் உயில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

நாலைந்து வருடமாக வீட்டிலேயே வளரும் தங்கச்சி மகனுக்கு, சொத்துத் தகராறு வராத குடும்பத்தில், பதிவு வழி போதும். அதில் எனக்கு மறுப்பில்லை.

இன்னொரு "வழி"யும் காதில் விழும்: ஆஸ்பத்திரியிலேயே நம் பெயரைப் பெற்றோராக எழுதிவிடுவது. இது குற்றம். 12 வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் போகும் நாளில் குட்டு உடைந்தால், கவுண்டரில் நின்று முழிக்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

செம்பனைத் தோட்டங்களில் இப்போது வெளிநாட்டுப் பெண்கள் பெற்ற பிள்ளைகளும் கைமாறுகின்றன. அங்கே நிதானம் தேவை. தத்து உத்தரவு பெற்றோரை மாற்றுமே தவிர, குடியுரிமையைத் தானாகக் கொண்டுவராது. அதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தே தீரும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

சரி, மாறி வந்தவர்கள் செய்ய வேண்டியது என்ன? சட்டம் மாறாவிட்டாலும் கோப்பு மாறும். பழைய வட்டார நல இலாகாவில் கொடுத்த கடிதத்தின் முத்திரை வைத்த நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். புதிய வட்டார அலுவலகத்துக்கும் எழுதுங்கள். தாயின் எழுத்துச் சம்மதத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், பிறகு தேடி அலைய முடியாது. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை விடாதீர்கள்: அங்கே ஒரு தடுப்பூசி, இங்கே ஒரு தடுப்பூசி, தேதியோடு. பிள்ளை யார் கையில் வளர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எது?

அண்ணனுக்கு இங்கே ஒரு கவுண்டரில், "மாநிலம் மாறிட்டீங்க, முதல்லேர்ந்து எண்ணணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பீடோங் முத்திரை நகலைக் காட்டி, அதிகாரியைப் பார்த்த பிறகுதான் சரியானது.

தென்சீனக் கடலைத் தாண்டினால் மட்டும் கதை வேறு. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டம். தீபகற்பச் சட்டத்தில் மனு போட, போடுபவரும் பிள்ளையும் தீபகற்பத்தில் வசிக்க வேண்டும். கம்பெனி போன மாதம் அண்ணனை சபாவில் இருக்கும் லஹாட் டத்துவுக்குக் கூப்பிட்டது, சம்பளமும் அதிகம். "கோர்ட்டு பேப்பர் கையில வரட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.