நைரோபி – கேப் டவுன் ட்ரக் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

2024 செப்டம்பரில் நைரோபியில் ஏறி, நவம்பரில் கேப் டவுனில் இறங்கிய ஒரு தரைவழிக் குழுப் பயணத்தைப் பற்றி இது. கம்பெனியின் பெயரையும், எனக்கு சீட் விற்ற ஏஜென்சியின் பெயரையும் போடவில்லை. வழக்கு நடக்கிறது. பெயரைவிட அவர்கள் செய்த வேலையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போன கதை இல்லை இது. ஓடியிருந்தால் போலீஸில் ஒரு வரியில் புகார் எழுதிவிடலாம். இவர்கள் பயண விளம்பர நோட்டீஸில் அச்சடித்த ஒவ்வொரு இடத்தின் பெயரையும் காட்டினார்கள். பெயரை மட்டும்.

முதலில் இந்த மாதிரிப் பயணம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லாரிச் சட்டத்தின் மேல் இருபது, இருபத்தைந்து சீட் கட்டிய ட்ரக். கூடவே ஒரு லீடர், டிரைவர், சமையல்காரர். டென்ட்டை நாமே அடிக்க வேண்டும், காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். கென்யா, தான்சானியா, மலாவி, சாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்று எட்டு நாடுகள். பணம் இரண்டாகப் பிரியும். பயணக் கட்டணத்தை ஊரிலேயே கட்டிவிட வேண்டும். சாப்பாடு, கேம்ப் வாடகை, பூங்கா நுழைவு இவற்றுக்கான 'கிட்டி'யை முதல் நாள் டாலர் நோட்டாக லீடர் கையில் கொடுக்க வேண்டும்.

ஏஜென்ட்டிடம் 3,90,000 ரூபாய், அதன் மேல் விற்பவர் பிடிக்கும் வரியான டி.சி.எஸ். 5 சதவீதம், 19,500 ரூபாய் கட்டினேன். "சார், நீங்க பாஸ்போர்ட்டும் ஒரு பையும் எடுத்துட்டு வாங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். நைரோபியில் கிட்டி 1,100 டாலர். பழைய நோட்டு வாங்க மாட்டார்கள் என்பதால் 2013-க்குப் பிறகு அச்சான நோட்டாகத் தேடி மாற்றிக்கொண்டு போயிருந்தேன். அந்த எச்சரிக்கையை மட்டும் ஏஜென்ட் மறக்காமல் செய்தார்.

கிட்டிக்கு ஒரு பழைய மரியாதை உண்டு. பணம் ட்ரக்கில் உள்ள பெட்டகத்தில் இருக்கும். செலவு ஒரு கணக்கு நோட்டில் ஏறும், எந்தப் பயணியும் எப்போது வேண்டுமானாலும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். கடைசியில் மிச்சம் இருந்தால் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ட்ரக்கில் அந்தக் கணக்கு நோட்டே இல்லை. கேட்டால், "எல்லாம் என் போனில் இருக்கிறது" என்றார் லீடர். அந்தப் போனை அவர் காட்டவே இல்லை.

முதல் அடி கென்யாவின் மசாய் மாரா விலங்குக் காப்பகத்தில் விழுந்தது. 2024 ஜூலையிலிருந்து அங்கே வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 100. இந்த உயர்வு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஆனால் செகெனானி கேட்டுக்கு வெளியே டென்ட் அடித்த பிறகுதான், திடீரென்று வந்த செய்தி போல, தலைக்கு 100 டாலர் கூடுதல் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சரி, கொடுத்தோம். அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை செல்லும். எங்களை உள்ளே கூட்டிப்போனது மதியம் இரண்டு மணிக்கு. விலங்குகள் நடமாடும் காலை நேரம் முழுவதும் நாங்கள் கேட்டுக்கு வெளியே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

தான்சானியாவில் செரெங்கெட்டியும் நிகோரோங்கோரோவும் அருமையாக அமைந்தன, அதையும் சொல்ல வேண்டும். பெரிய ட்ரக்கை நிகோரோங்கோரோ பள்ளத்துக்குள் இறக்க முடியாது, நான்கு சக்கர ஜீப்தான் வேண்டும். அதனால் அந்தப் பகுதியை அருஷாவில் உள்ள ஒரு உள்ளூர்க் கம்பெனியிடம் கொடுத்திருந்தார்கள். அந்த டிரைவர்கள் விடிவதற்கு முன்பே எழுப்பினார்கள், ஒவ்வொரு கேட்டிலும் ரசீதை எடுத்துக் காட்டினார்கள். மொத்தப் பயணத்திலும் நான் கண்ணால் பார்த்த ரசீதுகள் அவை மட்டும்தான்.

சான்சிபாரில் அக்டோபர் 1 முதல் 44 டாலர் கட்டாயக் காப்பீடு வந்திருந்தது. அதையும் படகுத்துறையில் வைத்துத்தான் சொன்னார்கள். போகட்டும்.

தார் எஸ் ஸலாமிலிருந்து எம்பேயா போகும் நெடுஞ்சாலை மிகுமி தேசியப் பூங்காவின் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் ஓடுகிறது. லாரியும் பஸ்ஸும் போகிற பொதுச் சாலை அது. கடந்து போக மட்டும் என்றால் நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டியிலிருந்தே ஒட்டகச்சிவிங்கி தெரியும், யானைகூடத் தெரியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் நோட்டீஸில் 'மிகுமி தேசியப் பூங்கா' என்று போட்டு, கட்டணத்தில் சேர்த்தி என்று டிக் அடித்திருந்தார்கள். ட்ரக் எங்கேயும் நிற்கவில்லை. "பூங்கா எப்போது வரும்?" என்று ஒரு டச்சுப் பெண் கேட்டபோது, அது முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அதன் பிறகு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதே வித்தை இன்னும் இரண்டு இடத்தில் வரும் என்று தெரிந்துவிட்டது. போட்ஸ்வானாவில் கசானேயிலிருந்து நிகோமா எல்லைக்குப் போகும் சாலை சோபே தேசியப் பூங்காவுக்குள்ளே போகிறது. நமீபியாவில் கப்ரிவிப் பகுதியின் நெடுஞ்சாலை புவாபுவாட்டா பூங்காவைக் குறுக்கே கடக்கிறது. இரண்டும் எங்கள் நோட்டீஸில் டிக்குடன் இருந்தன. இரண்டையும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் 'பார்த்தோம்'.

பெரிய ஏமாற்றம் சாம்பியா – ஜிம்பாப்வே எல்லையில் உள்ள விக்டோரியா நீர்வீழ்ச்சியில்தான். சுமார் 1.7 கிலோமீட்டர் அகலம், நூறு மீட்டருக்கு மேல் உயரம். அதில் பெரும் பகுதியை நேருக்கு நேர் பார்க்க முடிவது ஜிம்பாப்வே பக்கத்திலிருந்து. மழைக்குப் பிந்தைய மாதங்களில் எந்தப் பக்கம் நின்றாலும் நனைந்துவிடுவோம். அக்டோபர், நவம்பரில் நிலைமையே வேறு. சாம்பியா பக்கம் பெரும்பாலும் வற்றிக் கரும்பாறையாக நிற்கும், தண்ணீர் விழுவதெல்லாம் ஜிம்பாப்வே பக்கம்தான். 2024-ல் கடும் வறட்சி வேறு. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சாம்பியா அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது. இது தெரிந்த எந்த லீடரும் அக்டோபரில் ஜிம்பாப்வேயை விடமாட்டார். எங்கள் நோட்டீஸிலும் 'விக்டோரியா ஃபால்ஸ் நகரம், ஜிம்பாப்வே, மூன்று இரவுகள்' என்றுதான் இருந்தது.

எங்களை இறக்கியது சாம்பியாவின் லிவிங்ஸ்டனில். ஜிம்பாப்வே பக்கம் பூங்கா நுழைவு மட்டுமே 50 டாலர், அதோடு பலருக்கு விசாக் கட்டணம், ட்ரக்குக்கு எல்லைக் கட்டணம். ஒரு நாட்டையே வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சத்தம் போட்டதும் லீடர் எங்களை இரு நாடுகளையும் இணைக்கும், 1905-ல் கட்டிய பெரிய பாலத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். எல்லையில் ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு, விசா இல்லாமலே பாலம் வரை போகலாம். கயிறு கட்டிக் குதிப்பவர்கள் அப்படித்தான் போகிறார்கள். பாலத்தின் நடுவில் எல்லைக் குறியைத் தாண்டி நின்று, "இதோ, நீங்கள் ஜிம்பாப்வேயில் இருக்கிறீர்கள்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி பின்னர் எழுதிய பதிலில் 'எட்டு நாடுகளும் தரிசிக்கப்பட்டன' என்றே இருக்கிறது.

நோட்டீஸில் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவும் இருந்தது. மவுன் ஊரிலிருந்து போய், மொகோரோ என்னும் தோணியில் நாணல் நடுவே இரண்டு இரவுகள். ஆனால் மவுனுக்குப் போவது பெரிய சுற்று, அங்கே தோணிக்காரர்களுக்கும் பணம் தர வேண்டும். ட்ரக் நிகோமா வழியாக நேரே நமீபியாவுக்குள் நுழைந்து, திவுண்டு என்ற ஊரில் ஆற்றங்கரையில் நின்றது. அந்த ஆறு ஒகவாங்கோதான். அங்கே இருப்பது போப்பா என்கிற, பாறைகளின் மேல் தண்ணீர் துள்ளி ஓடும் இடம். டெல்டா உருவாவது அதற்கும் கீழே, எல்லை தாண்டி, போட்ஸ்வானாவில். "ஒகவாங்கோ வந்துவிட்டது, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் லீடர். கும்பகோணத்தில் காவிரியைக் காட்டி இதுதான் ஒகேனக்கல் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

நமீபியாவின் எத்தோஷா பூங்காவில் ஒகௌகுவேயோ கேம்பின் விளக்கு போட்ட தண்ணீர்க் குட்டையருகே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம், காண்டாமிருகம் வந்தது. அங்கே எதையும் சுருக்க முடியவில்லை, ஏனென்றால் கேம்ப்பே பூங்காவுக்குள் இருக்கிறது. பெரிய மணல்மேடுகள் உள்ள சொசுஸ்வ்லேயில் சுருக்கிவிட்டார்கள். செஸ்ரியம் கேட்டுக்கு உள்ளே தங்கினால் சூரியன் எழுவதற்கு முன்பே உள்கேட்டைத் திறந்து விடுவார்கள். வெளியே தங்கினால் விடிந்த பிறகுதான். 'டியூன் 45 உச்சியில் சூரிய உதயம்' என்று விற்றுவிட்டு, எங்களை வெளியே மலிவான கேம்ப்பில் போட்டார்கள். கேட்டிலிருந்து அந்த மணல்மேடு 45 கிலோமீட்டர். நாங்கள் ஏறும்போது மணல் காலைச் சுட்டது.

எதைக் கேட்டாலும் லீடரிடம் ஒரே பதில்: "திஸ் இஸ் ஆப்பிரிக்கா." இதுதான் எனக்கு மிகவும் எரிச்சல். சாம்பியா – போட்ஸ்வானா எல்லையான கசுங்குலாவில் 2021-ல் திறந்த பாலத்தில், இரு நாட்டு முத்திரையும் ஒரே கட்டடத்தில் வாங்கி, ஒரு மணி நேரத்துக்குள் போட்ஸ்வானாவுக்குள் போய்விட்டோம். அருஷா டிரைவர்கள் நிமிடம் தவறவில்லை. மலாவியில் டீசல் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் எங்களுக்கு முன்னால் போன வேறொரு ட்ரக் தான்சானியாவிலேயே டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்திருந்தது. எங்களுடையது மலாவி ஏரியில் உள்ள சிதிம்பா கடற்கரையில், சரி, ஏரிக்கரையில், சும்மா கிடந்தது. கெட்டது கம்பெனி, பழி கண்டத்துக்கு. ட்ரக்கில் எங்களுக்காக உழைத்த ஒரே மனிதர் கென்யச் சமையல்காரர். சைவம் சாப்பிடும் எனக்குத் தனியாகக் கீரையும் பீன்ஸும் வைத்துக் கொடுத்தார். அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று நமீபியத் தலைநகர் வின்ட்ஹோக்கில்தான் தெரியவந்தது.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனியாக ஒன்று. லீடர் கொடுத்த விசாத் தாள் ஐரோப்பியர்களுக்காக எழுதியது. அதில் போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா இரண்டுக்கும் நேரே 'தேவையில்லை' என்று இருந்தது. அவர்களுக்குச் சரி, நமக்கு இல்லை. நான் எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு போனதால் தப்பித்தேன். அதே தாளில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி 'விருப்பம்' என்று இருந்தது. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது நமாங்காவில் அந்தச் சான்றிதழைக் கேட்டார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், எல்லையில் போய் ஒன்றும் செய்ய முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், கேம்ப்பின் பெயரை எழுத்தில் கேளுங்கள். பூங்கா கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, எத்தனை மணிக்கு நுழைவோம், நுழைவு ரசீதைக் காட்டுவார்களா, கிட்டி நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா, ட்ரக் யார் பெயரில் இருக்கிறது, இவற்றையும் கேளுங்கள். விக்டோரியா என்றால் எந்த மாதம், எந்தக் கரை. 'உள்ளூர் சூழ்நிலையைப் பொறுத்து மாற்றங்களுக்கு உட்பட்டது' என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஜிம்பாப்வே காணாமல் போனதும் அந்த வரிக்குள்தான்.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட், "சார், நாங்க வெறும் புக்கிங் ஏஜென்ட்தான், நீங்க நைரோபியில பேசிக்கங்க" என்றார். நைரோபி கம்பெனி கிட்டிக் கணக்கைத் தரவே இல்லை. ரொக்கமாகக் கொடுத்த அந்த 1,100 டாலர் போனதுதான். ஆனால் டி.சி.எஸ். 19,500 ரூபாய் என் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் பிடிக்க வேண்டிய வரி அது. வெறும் ஏஜென்ட் என்றால் அதை எதற்குப் பிடித்தார்கள் என்று என் வக்கீல் கேட்டிருக்கிறார். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதனால் கோவை ஆணையத்தில் போட்டிருக்கிறோம். அவர்கள் தரப்பில் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.